தொங்கிக்கொண்டு வந்த இலத்திரன்

மார்க்கண்டரின் தட்டிவானுக்கு வயது போய்விட்டது. மண்ணெண்ணெயில் ஓடுவதால் இருமல் வேறு. முன்னால் சாரதிக்குப் பக்கத்தில் இரண்டு பேர், பின்னால் வாங்குகளில் எட்டுப் பேர். அதற்கு மேல் ஒருவர் ஏறினாலும் அடியில் இருக்கும் வில்லுத்தகடு முனகத் தொடங்கிவிடும்.

அன்று காலை உரும்பிராயில் அந்த ஒருவரும் ஏறிவிட்டார். கத்தரிக்காய்க் கடகத்தோடு நல்லம்மாக்கா பின்தட்டியில் தொங்கிக்கொண்டு வந்தார்.

முன்னால் மார்க்கண்டரின் மகள் குணலட்சுமி இருந்தாள். அப்பாவோடு வானில் போவதென்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். பக்கத்தில் அண்ணன் தயாபரன். நல்லூரில் அவனுக்கு அன்று விஞ்ஞானச் சோதனை. மடியில் புத்தகம் இருந்தது, முகத்தில் ஈயாடவில்லை.

"எல்லாம் பாடம், குணா. உந்த வலுவளவு, அணுக்கள் ஒண்டோடை ஒண்டு சேருற கணக்கு, அது மட்டும் தலைக்குள்ளை ஏறுதில்லை. கட்டாயம் கேப்பினம். நான் சோதினைக்குப் போகேல்லை."

குணலட்சுமி புத்தகத்தை எட்டிப் பார்த்தாள். நடுவில் ஒரு குண்டு. அதைச் சுற்றி வட்டங்கள். முதல் வட்டத்தில் இரண்டு புள்ளிகள், அடுத்ததில் எட்டு, கடைசியில் தனியாக ஒன்று.

"அண்ணை, உது எங்கடை வான்!"

"விசர்க்கதை கதையாதை. உது சோடியம் அணு. புள்ளியெல்லாம் இலத்திரன்."

"நடுவிலை இருக்கிற குண்டு?"

"அது கரு."

"இல்லை, அது அப்பா."

"என்ன, என்ரை வண்டியையோ சொல்லுறாய்?" என்று மார்க்கண்டர் தன் வயிற்றைத் தடவினார். அந்த நேரம் பார்த்து வான் ஒரு கிடங்கில் விழுந்து எழும்பியது. வில்லுத்தகடு 'கிறீச்' என்றது.

கோண்டாவிலில் மார்க்கண்டர் வானை நிறுத்திக் குனிந்து பார்த்தார். "இந்தப் பாரத்தோடை நல்லூர் போய்ச் சேராது. தகடு முறிஞ்சிடும்."

தயாபரன் புத்தகத்தை மூடிவிட்டு எட்டிப் பார்த்தான். போகமாட்டேன் என்றவன், போக முடியாது என்றதும் பதறிப் போனான். அதுதான் தயாபரன்!

எதிர்ப்பக்கத்தில், அதே நல்லூருக்குப் போகும் தம்பிராசாவின் நீட்டு வான் நின்றது. முன்னால் இரண்டு பேர், நடுவில் எட்டு, பின்னால் ஏழு. ஒரு இடம் வெறுமை. அது நிரம்பாமல் அசையமாட்டேன் என்று அவர் கூவிக்கொண்டு நின்றார்.

"அப்பா, நல்லம்மாக்காவை அதிலை ஏத்துவமோ?"

"தம்பிராசாவின்ரை வானிலையோ? என்ரை உயிர் போனாலும் மாட்டன்!"

நல்லூர்த் தேரன்று எந்த வான் முதலில் புறப்படுவது என்று சண்டை போட்டதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பெரியவர்கள் கோபித்தால் இப்படித்தான், வானும் சேர்ந்து கோபிக்க வேண்டும்.

குணலட்சுமி குதித்து இறங்கி வீதியைக் கடந்தாள்.

"மாமா, எங்கடை வானிலை ஒராள் கூட. உங்கடை வானிலை ஒராள் குறைய. அதாலை ரண்டு வானும் நிக்குது. அண்ணைக்குச் சோதினை."

"கொப்பர் சொல்லிவிட்டவரோ?"

"இல்லை. நான்தான் கேக்கிறன்."

தம்பிராசா மார்க்கண்டரைப் பார்த்தார். மார்க்கண்டர் வானத்தைப் பார்த்தார். பிறகு தம்பிராசா நேரே வந்து கத்தரிக்காய்க் கடகத்தைத் தன் தோளில் தூக்கினார். "வாங்கோ நல்லம்மாக்கா, இருந்துகொண்டு வரலாம்."

போகிற போக்கில், "தகடு முறிஞ்சா யோசியாதை மார்க்கண்டு, நான் பின்னாலைதான் வாறன்," என்றார்.

"ம்... ஓம்," என்றார் மார்க்கண்டர். அவ்வளவு நாள் கோபத்துக்கு அது பெரிய பேச்சு.

இரண்டு வான்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் புறப்பட்டன. தயாபரன் திடீரென்று புத்தகத்தில் ஓங்கி அடித்தான்.

"குணா! நீ உப்புச் செய்துபோட்டாய்!"

"நான் எங்கை செய்தன்?"

"நாங்கள் சோடியம். தொங்கின ஒண்டைக் குடுத்திட்டம். தம்பிராசா மாமா குளோரின். குறைஞ்ச ஒண்டை வாங்கிட்டார். இப்ப ரண்டு வானும் நிறைவு, சேர்ந்து போகுது. அதுதான் சோடியம் குளோரைட்டு, கறியுப்பு! ஒண்டு குடுத்தாலும் வாங்கினாலும் வலுவளவு ஒண்டு."

"அப்ப ரண்டு பேர் தொங்கினா?"

"மகனீசியம். வலுவளவு ரண்டு!"

அப்போது நிரம்பிய வான் ஒன்று, கை காட்டியவர்களைத் திரும்பியும் பாராமல் பறந்தது.

"உது?" என்றாள் குணலட்சுமி.

"ஆகன் வாயு! வட்டமெல்லாம் நிறைவு, ஆரோடையும் சேராது."

சோதனை முடிந்து வெளியே வந்த தயாபரனின் முகத்தில் பல்லெல்லாம் தெரிந்தது.

"வலுவளவு கேட்டவையோ அண்ணை?"

"கேட்டவை. வட்டம் கீறேக்கை மனசுக்குள்ளை ஹோண் சத்தமும் கேட்டுது."

திரும்பும்போது அப்பாவின் வானில் இடமில்லை. தயாபரன் பின்தட்டியில் ஏறித் தொங்கினான். பின்னால் வந்த நீட்டு வானிலிருந்து தம்பிராசா கூப்பிட்டார். "தம்பி, இஞ்சை ஒரு இடம் கிடக்கு!"

தயாபரன் அப்பாவைப் பார்த்தான்.

"போ, போ. நம்மடை தம்பிராசாதானே," என்றார் மார்க்கண்டர்.

குணலட்சுமி தலையை வெளியே நீட்டிக் கத்தினாள்.

"ஓடுங்கோ அண்ணை, உப்பாகுங்கோ!"