சத்தமே போடாத பெட்டி

"ஐயோ... யாராவது வாங்களேன்..."

அக்காவின் அலறல் வராந்தாவின் கடைசி அறையிலிருந்து வந்தது.

ஹாலில் படம் பார்த்துக்கொண்டிருந்த தங்கை, கையிலிருந்த தட்டை சோபாவிலேயே போட்டுவிட்டு ஓடினாள்.

அறைக்குள்...

காண்ட்ராக்டர் குப்புறக் கிடந்தார். அக்காவின் கணவர், அந்த வீட்டின் சொந்தக்காரர். தலையின் ஓரத்தில் ரத்தம். பக்கத்தில் நீளமான இரும்புப் பட்டை ஒன்று. தோட்டத்துப் பக்க ஜன்னல் விரியத் திறந்திருந்தது.

சுவரோரம் இடுப்பளவு உயரத்தில் ஒரு ரேக். அதில் சொருகியிருந்த கறுப்புப் பெட்டிதான் காண்ட்ராக்டரின் உயிர். அதன் மூடி இப்போது தரையில் கிடந்தது.

பெட்டிக்குள் ஒன்றுமே இல்லை. சுத்தமாக வழித்தெடுத்திருந்தார்கள்!

"அத்தான்..."

தங்கை அவர் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். மூச்சு இருந்தது. நிம்மதியோடு திரும்பியவள் திடுக்கிட்டாள்.

அறை வாசலில் அவளுடைய கணவர் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். முகம் வெளுத்திருந்தது.

அவருடைய சட்டைப் பையில் ஒரு ஸ்க்ரூட்ரைவர்...

*

இன்ஸ்பெக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வந்த கடுப்பு முகத்திலேயே எழுதியிருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் காண்ட்ராக்டரை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்கு இன்னும் நினைவு திரும்பவில்லை.

"பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சு?"

அக்கா மூக்கை உறிஞ்சினாள். "சர்வர் மேடம். இவரே கட்டின கம்ப்யூட்டர். படம், பாட்டு எல்லாத்தையும் அதுல போட்டு வச்சிருப்பார். வீட்டுல எந்த டிவில வேணா பாத்துக்கலாம். ஆனா ஓடுறதே தெரியாது. வர்றவங்க எல்லாம் காது வச்சுக் கேட்டுட்டு அசந்துபோவாங்க."

அழுகைக்கு நடுவிலும் பெருமையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கை தரையைப் பார்த்தாள்.

"எப்படிச் சொல்றது மேடம்... சகலைங்களுக்குள்ள கொஞ்சம்..."

"பொறாமைன்னு சொல்லிடுங்க அண்ணி," என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

இன்ஸ்பெக்டர் அவர் பக்கம் திரும்பினார். அந்தச் சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூட்ரைவரை இரண்டு விரலால் உருவி எடுத்தார்.

"நீங்களே சொல்லுங்க."

"ஆமா மேடம், பொறாமைதான். இவருக்கு முன்னாடியே நான் ஒரு சர்வர் கட்டினேன். ரேக்ல சொருகற மாதிரி தட்டையான பெட்டி. தட்டைப் பெட்டிக்குள்ள சின்ன ஃபேன்தான் போகும். சின்ன ஃபேன் வேகமா சுத்தினாத்தான் சூடு வெளிய போகும். வேகமா சுத்தினா..."

"கத்தும் மேடம்," என்றாள் தங்கை. "நாள் பூரா மிக்ஸி ஓடுற மாதிரி. துணி துவைக்கிற ரூமுக்குத் தூக்கிட்டுப் போகச் சொல்லிட்டேன்."

"அப்புறம் கொஞ்சம் உயரமான பெட்டி வாங்கினேன். பெரிய ஃபேனாப் போட்டு மெதுவா சுத்த விட்டேன். படத்தையெல்லாம் பதிஞ்சு வைக்கிற டிஸ்க் அதிரக் கூடாதுன்னு அடியில ரப்பர் வச்சேன். பாதி சத்தம் குறைஞ்சுது. ஆனா டிஸ்க்னு ஒண்ணு உள்ள சுத்தினா கொஞ்சமாவது முனகும் மேடம். இவரோடது முனகக்கூட இல்ல." அவர் காலிப் பெட்டியைப் பார்த்தார். "எப்படின்னு கேட்டா, 'அதெல்லாம் ஒரு கைராசி சகலை'ன்னு சிரிப்பார். அன்னைக்கெல்லாம் எனக்குத் தூக்கம் வராது. நான் தேடித் தேடிச் சேர்த்த படம் அத்தனையும் இவர்கிட்டயும் இருந்துச்சு. அது தனி எரிச்சல்."

"'அக்கா வீட்டுக்காரரைப் பாருங்க'ன்னு நீங்களும் அடிக்கடி சொல்லியிருப்பீங்களே?" இன்ஸ்பெக்டர் தங்கையைக் கேட்டார்.

தங்கை தினம் சொல்லியிருந்தாள்.

"இன்னைக்கு என்ன நடந்துச்சு?"

"சாப்பிட வந்தோம். இன்னைக்கு விட மாட்டேன், திறந்து காட்டியே ஆகணும்னு சகலையைப் பிடிச்சுக்கிட்டேன். 'நீங்க எல்லாம் படம் பாத்துட்டு இருங்க, நான் போய் ரெடி பண்றேன்'னு இந்த ரூமுக்கு வந்தார். எனக்கு இருப்புக் கொள்ளலை. தண்ணி குடிக்கிற சாக்குல எழுந்து வந்து கதவுல காது வச்சேன்."

"என்ன கேட்டுச்சு?"

"ஒண்ணுமே கேக்கலை. அதான் வயிறு எரிஞ்சுது."

"ஒரு திருடன் ஜன்னல் ஏறி வந்து, ஆளை அடிச்சுப் போட்டு, பெட்டியக் காலி பண்ணியிருக்கான். அது எதுவும் கேக்கலையா?"

"தொப்புன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். ஒட்டுக்கேட்டது தெரிஞ்சா மானம் போயிடுமேன்னு கிச்சன் பக்கம் ஒதுங்கிட்டேன். அப்புறம் அண்ணி கத்தினாங்க."

"ஸ்க்ரூட்ரைவர் எதுக்கு?"

"ஸ்க்ரூட்ரைவர் இல்லைன்னு சாக்கு சொல்லி அவர் தப்பிச்சிடக் கூடாதேன்னு வீட்டுலேருந்தே கொண்டு வந்தேன்."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற போலீஸ்காரர்தான் இருமி மறைத்தார்.

அப்போது ஸ்ட்ரெச்சரிலிருந்து ஒரு முனகல்...

காண்ட்ராக்டர் கண் திறந்தார்!

"என்னங்க..." அக்கா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"யாரோ... பின்னால வந்து அடிச்சான்..."

இன்ஸ்பெக்டர் குனிந்தார். "ஆளைப் பாத்தீங்களா?"

காண்ட்ராக்டரின் பார்வை அறையைச் சுற்றி வந்தது. சகலையிடம் ஒரு கணம் நின்றது. பிறகு இன்ஸ்பெக்டரின் கையிலிருந்த ஸ்க்ரூட்ரைவரில் வந்து உட்கார்ந்தது.

"முகம் தெரியலை மேடம். ஆனா... அவன் கைல ஒரு ஸ்க்ரூட்ரைவர் இருந்துச்சு."

கண்ணாடிக்கடைக்காரர் ஸ்ட்ரெச்சரை நெருங்கினார்.

"சகலை... நானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

காண்ட்ராக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தங்கை தன் கணவரை விட்டு ஓர் அடி தள்ளி நின்றாள்.

"இவர் பொறாமைப்படுவார்னு எனக்குத் தெரியும். இந்த அளவுக்குப் போவார்னு..."

போலீஸ், ஸ்டேஷன், ஜெயில்... எதுவும் அவருக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அந்த ஓர் அடி வலித்தது.

"கிளம்புங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "மிச்சத்தை ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

*

முன்னால் ஸ்ட்ரெச்சர். அதன் பின்னால் போலீஸ்காரர் பிடியில் கண்ணாடிக்கடைக்காரர். எல்லோரும் ஹால் வழியாகத்தான் வாசலுக்குப் போக வேண்டும்.

ஹாலில் டிவி இன்னும் கத்திக்கொண்டிருந்தது. கதாநாயகன் ஒரு கிடங்கில் பத்துப் பேரைப் புரட்டி எடுத்துக்கொண்டிருந்தான்.

"வீட்டுல ரத்தம் சிந்திக் கிடக்கு. இதை நிறுத்த ஒரு ஆள் இல்லையா?" என்று சிடுசிடுத்தபடி இன்ஸ்பெக்டர் ரிமோட்டை எடுத்தார்.

எடுத்த கை அப்படியே நின்றது.

"இந்தப் படம் எங்கேருந்து வருது?"

"இவரோட சர்வர்லேருந்துதான் மேடம்," என்றாள் அக்கா.

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

"சர்வர்தான் திருட்டுப் போயிடுச்சே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

டிவியில் மட்டும் அடிதடி நடந்தது.

கண்ணாடிக்கடைக்காரர் திரையையே உற்றுப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் திரும்பிக்கொண்டிருந்தது.

"மேடம், நீங்க வாங்கி வச்ச என் போனைக் கொஞ்சம் குடுங்க."

"எதுக்கு?"

"என் வீட்டு மெஷினை இங்கிருந்தே ஆஃப் பண்ணலாம். பண்ணிப் பாக்கறேன்."

இன்ஸ்பெக்டர் ஒரு நொடி யோசித்தார். போனை நீட்டினார்.

கண்ணாடிக்கடைக்காரரின் விரல் எதையோ தொட்டது.

எல்லோரும் டிவியைப் பார்த்தார்கள். கதாநாயகன் ஓங்கிய முஷ்டியோடு பாய்ந்தான்... பாய்ந்தவன் அந்தரத்தில் நின்றான். திரையின் நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

எல்லாத் தலைகளும் ஸ்ட்ரெச்சர் பக்கம் திரும்பின.

காண்ட்ராக்டர் கண்களை இறுக மூடிக்கொண்டார். போன மயக்கம் திரும்பி வந்தால் தேவலை என்று அவர் தவித்தது அப்பட்டமாகத் தெரிந்தது.

"அத்தான்," தங்கை ஸ்ட்ரெச்சரை மறித்து நின்றாள். "குடும்ப போட்டோ பாக்கணும், உங்க வீட்டு சர்வர் பாஸ்வேர்டு குடும்மான்னு கேட்டு வாங்கினீங்களே... அதை வச்சா?"

காண்ட்ராக்டர் போர்வையை மோவாய் வரை இழுத்துக்கொண்டார்.

"நீங்க பேசறீங்களா, ஸ்ட்ரெச்சரோட ஸ்டேஷனுக்குத் தூக்கச் சொல்லவா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

கண்கள் திறந்தன.

"கட்டத்தான் பாத்தேன் மேடம். பயங்கரமா கத்துச்சு. ஃபேனைக் குறைச்சேன். சத்தம் நின்னுச்சு, கொஞ்ச நேரத்துல சூடாகி மெஷினும் நின்னுடுச்சு. திரும்பத் திரும்பக் கட்டினேன், ஓடவே இல்ல. சகலையோடது கத்தினாலும் ஓடுச்சு. ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் குடுக்கிறவன் நான். கண்ணாடி விக்கிறவர் கட்டினது ஓடுது, என்னுது ஓடலை. என்னால தாங்க முடியலை."

"அப்ப பெட்டிக்குள்ள என்னதான் இருந்துச்சு?"

"ஒரு நீல லைட்டு." அவர் குரல் தேய்ந்தது. "அதையும் கழட்டிப் பாக்கெட்ல போட்டுக்கிட்டேன்."

போலீஸ்காரர் காண்ட்ராக்டரின் பாக்கெட்டில் கைவிட்டார். ஒயரோடு ஒரு குட்டி பல்பு வெளியே வந்தது.

அக்கா சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தாள். "தெருவையே கூப்பிட்டுக் காது வைக்கச் சொன்னேனே... காலிப் பெட்டிக்கா?"

"மண்டையில அடிச்சது?" இன்ஸ்பெக்டர் விடவில்லை.

"திறந்து காட்டுன்னு சகலை ஒத்தக் கால்ல நின்னார். திருட்டுப் போயிடுச்சுன்னு சொல்லிடலாம்னு ஜன்னலைத் திறந்து விட்டேன். நம்பணுமேன்னு ரேக் பட்டையால லேசாத் தட்டிக்கிட்டேன். கொஞ்சம் ஓவராயிடுச்சு."

"உங்க மண்டை, உங்க இஷ்டம். ஆனா இவரை ஏன் மாட்டி விட்டீங்க?"

காண்ட்ராக்டர் தலைக்கட்டைத் தடவிக்கொண்டார்.

"ஸ்க்ரூட்ரைவரைப் பாத்ததும்... இவர் ஜெயிலுக்குப் போயிட்டா அந்த மெஷினும் நின்னுடும்னு தோணிடுச்சு மேடம்."

இன்ஸ்பெக்டர் கண்ணாடிக்கடைக்காரரிடம் திரும்பினார். "புகார் எழுதித் தர்றீங்களா? பொய்யா மாட்டி விட்டதுக்கு உள்ள தள்ளிடறேன்."

அவருடைய கவனம் வேறெங்கோ இருந்தது.

"இவர் என் மேல பொறாமைப்பட்டாரா மேடம்?"

"அப்படித்தான் சொன்னார்."

"இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்களேன்."

காண்ட்ராக்டர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ஸ்ட்ரெச்சர் வெளியே போனது. அக்கா தங்கையின் முகத்தைப் பார்க்காமல் பின்னாலேயே போனாள்.

தங்கை தன் கணவரின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"தள்ளி நின்னியே," என்றார் அவர் மெதுவாக.

அவளுக்குக் கண் நிறைந்தது. "தப்புதான். வீட்டுக்கு வாங்க. உங்க மெஷினை ஹாலுக்கே கொண்டு வந்துடலாம்."

"கத்துமே?"

"கத்தட்டும். உள்ள சரக்கு இருக்குன்னாவது தெரியும்."

வாசலில் வண்டி ஏறிய இன்ஸ்பெக்டர் டிரைவரைத் தட்டினார்.

"வண்டியை என் வீட்டுப் பக்கம் விடுங்க."

"சாப்பாட்டுக்கா மேடம்?"

"எங்க வீட்டுக்காரரும் சத்தமே போட மாட்டார். நான் குடுத்து வச்சவள்னு ஊரே சொல்லுது. போய் மூடியைத் திறந்து பாத்துடறேன்... உள்ள ஏதாவது இருக்கா, இல்ல வெறும் லைட்டு மட்டும்தான் எரியுதான்னு!"