மங்கும் புள்ளி

பெண்ணின் ஸ்லைடில் அந்தப் புள்ளி இருக்கக் கூடாது. பழனியம்மாவின் ஸ்லைடில் இருந்தது.

பெங்களூர் டாக்டர் ஆராய்ச்சிக்கென்று மாரிகுப்பம் ஆஸ்பத்திரியில் விட்டுப்போன மஞ்சள் சாயம் உயிரணுவுக்குள் புகுந்து, டி.என்.ஏ.வைப் பற்றிக்கொண்டு, ஊதா விளக்கில் ஒளிரும். ஆணின் உயிரணுவில் மட்டும் ஒரு புள்ளி தனியாகப் பளிச்சிடும். சாயம் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்க்க, தினமும் அட்டெண்டர் முனிரத்தினத்தின் கன்னத்து உட்புறத்தைச் சுரண்டி ஒரு ஸ்லைடும், தன்னுடையதைச் சுரண்டி ஒரு ஸ்லைடும் போடுவாள், அங்கே லேபில் வேலை பார்க்கும் பழனியம்மா. அவனுடையதில் புள்ளி தெரியும், அவளுடையதில் தெரியாது.

"இன்னாக்கா, ஸ்லைடு மாறிப்போச்சா?" என்றான் முனிரத்தினம்.

மாறித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். மகன் தம்மபாலன் போனதிலிருந்து அவளுக்குக் கை ஒரு பக்கம், புத்தி ஒரு பக்கம். தங்கச் சுரங்கத்துக்குள் ராத்திரி ஷிப்டுக்குப் போனவன்; கீழே பாறை வெடித்துச் சரிந்தது. தேடப் போனவர்கள் மேலும் சரிவு விழவே திரும்பிவிட்டார்கள். அந்த லெவல் சுரங்கப்பாதையின் வாயைச் சுவர் வைத்து அடைத்தார்கள். உள்ளே யாரும் உயிரோடு இருக்க வழியில்லையாம். உடம்பையாவது கண்ணில் காட்டியிருந்தால் பெற்ற வயிறு கொஞ்சம் ஆறியிருக்கும். பாழாய்ப்போன மனசோ, இருக்கிறானோ, மூச்சு விடுகிறானோ என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் முனிரத்தினம் லீவு. மாறிப்போக வேறு ஸ்லைடே இல்லை. வெளியே சுள்ளென்று வெயில் அடிக்க, கறுப்புத் திரைக்குள்ளே சைலீன் நெடியும் சூடேறிய விளக்கின் கருகல் வாடையும் மூக்கை அடைக்க, எங்கோ குழாய் சொட்டும் சத்தத்தைக் கேட்டபடி குச்சியைக் கன்னத்துக்குள் விட்டுச் சுரண்டினாள். நாக்கில் நறநறவென்று ஏதோ தட்டுப்பட்டது. துப்பிப் பார்த்தாள். கல் தூள்.

ஸ்லைடில் தடவிச் சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் குனிந்தாள்.

எல்லா உயிரணுவிலும் புள்ளி.

அப்போது தரை அதிர்ந்தது. கீழே எங்கோ பாறை வெடித்தால் இந்த ஊரில் வீட்டுப் பாத்திரம்கூட ஆடும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் அதிர்வு நின்ற பிறகும் ஒரு சத்தம் நிற்கவில்லை.

டொக். டொக்.

கதவில்லை. சுவருமில்லை. அவளுடைய இடது கன்னத்துக்குள்ளே.

புள்ளிகள் ஒவ்வொன்றாக மங்கின. விளக்கு பட்டுக்கொண்டே இருந்தால் இந்தச் சாயம் செத்துப்போகும். பார்க்கப் பார்க்க அணையும். ஐயோ, பிள்ளையை நானே கொல்கிறேனே என்று பதறி விளக்கை அணைத்தாள்.

கும்மிருட்டு.

அவள் வாய் தானாகத் திறந்தது. அவள் நாக்குதான் அசைந்தது. குரல் அவளுடையதல்ல.

"அம்மா, வெளக்க அணைக்காதம்மா. ஒண்ணுமே தெரியல."

தடவித் தடவி விளக்கைப் போட்டாள். குனிந்தாள். எங்கும் கறுப்பு. ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி.

"அம்மா இங்கதான்டா கண்ணு இருக்கேன்."

கண்ணை எடுக்கவில்லை. விளக்கை அணைக்கவில்லை. புள்ளி மங்க மங்க, கன்னத்துக்குள் தட்டுவதும் மெல்ல மெல்ல ஓய்ந்துகொண்டு வந்தது.