காலி செய்யாதவர்

வழக்கில் ஜெயித்த சூட்டோடு, வீட்டுக்காரர் தன் மனைவியை அழைத்துக்கொண்டு மாடி வீட்டைப் பார்க்கப் போனார். வெள்ளையடித்து வேறு ஆளுக்கு விட வேண்டும். வெளியே பட்டப்பகல். மாடிப்படியில் மட்டும் இருட்டு அப்பிக் கிடந்தது.

அங்கே குடியிருந்தவர் ரேடியோ மெக்கானிக். தொழில் படுத்துப்போய் வாடகை பாக்கி விழ, முன்பணத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லிச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனார். வீட்டுக்காரரோ கூண்டில் ஏறி, "இன்னும் அங்கதான் இருக்காருங்க, காலியே பண்ணல" என்று கண்ணிமைக்காமல் சத்தியம் செய்தார். மெக்கானிக் போன பிறகு ஓடிய மாதங்களுக்கும் சேர்த்து வாடகை கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அதைக் கேட்டுவிட்டு கோர்ட் வாசல் பெஞ்சில் உட்கார்ந்த மெக்கானிக், உட்கார்ந்தபடியே உயிரை விட்டார்.

சாவி திரும்பியது. கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ் போட்டிருந்தது.

"மழையில ஊறியிருக்கும், தள்ளுங்க" என்றாள் மனைவி.

கதவிடுக்கில் ஈயம் உருகும் வாசனை கசிந்தது. கூடவே மெல்லிய கரகரப்பு. யாரோ ரேடியோவில் ஸ்டேஷன் தேடுவது போல.

மனைவி அவர் சட்டையைப் பற்றினாள். "சாவி நம்ம அலமாரியிலதானே இருந்துச்சு? அப்ப உள்ள யாரு?"

அவர் தட்டினார்.

கரகரப்பு அடங்கியது.

செருப்பைத் தேய்த்து நடக்கும் ஓசை கதவருகே வந்து நின்றது.

"யாருங்க?"

மெக்கானிக்கின் அதே பணிவான குரல்.

"நா... நான்தான். வீட்டுக்காரன்."

"இன்னும் இங்கதாங்க இருக்கேன்" என்றது குரல். "நீங்கதான சொன்னீங்க."

தச்சரைக் கூட்டிவந்து கதவைப் பெயர்த்தபோது உள்ளே தூசியைத் தவிர ஒன்றுமில்லை. அதன் பிறகு குடிவந்த யாரும் நிலைக்கவில்லை. வீட்டுக்காரர் வக்கீலிடம் போய்ப் புலம்பினார். "செத்தவருக்கு நோட்டீஸ் விடச் சொல்றீங்களா?" என்று அவர் சிரித்தார்.

கடைசியில் வீட்டுக்காரர், வந்த விலைக்கு வீட்டைத் தள்ளிவிடத் துணிந்தார். வாங்க வந்தவர் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ஆள் இருக்கற வீட்டையா விக்கறீங்க?"

பூட்டிய மாடி வீட்டின் ஜன்னலில், பிழிந்து காயப்போட்ட ஆண் சட்டை ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது.