டிக்‌ஷனரியில் இல்லாத ஃபைல்கள்

திரையின் அடியில் மறுபடி அதே சிவப்பு வரி... 'டிக்‌ஷனரியில் இந்த கீ இல்லை.' மூன்றாவது முறை.

"இந்த ஸ்கிரிப்டை எழுதின மகராசன் யாருப்பா?" என்றாள் பெர்னதெத்.

பின்னால் ஒரு நாற்காலி திரும்பியது. "நான்தாங்க... உத்தமன்."

2007 ஜூலை. வெளியே அடுகோடி முழுக்க மழை. அவனுக்கோ கழுவிவிட்டாற்போல் கண்கள். வேலைக்குச் சேர்ந்து மூன்றே நாளான ஒக்கலிபுரத்துப் பெண்ணுக்கு இதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. கவனித்துவிட்டாள்.

அவன் ஸ்கிரிப்டுக்குச் சின்ன வேலைதான். எடிட்டரில் எந்த ஃபைலைத் திறந்தாலும், அந்தப் பகுதியைச் சரிபார்ப்பவர் யாரென்று டிக்‌ஷனரியில், அதாவது அவன் எழுதிவைத்த பட்டியலில், பகுதியின் பெயரைக் கீயாக வைத்துத் தேடி, அவர் பெயரை மேலே எழுதும்; ஃபைல் அவருக்குப் போய்ச் சேரும். அவளுடைய பகுதி புதிது, டிக்‌ஷனரியில் இல்லை.

"'கெட்'னு ஒரு ஃபங்ஷன் இருக்கே, அதுல கேளுங்க. கீ இல்லாட்டி இந்தப் பேரை எடுத்துக்கன்னு ஒண்ணு எழுதி வைக்கலாமில்ல?"

"இல்லாததை இருக்கிற மாதிரி காட்டணுமா? கத்தட்டும்ங்க. அப்பத்தான் தெரியும்."

"கத்துறது ஸ்கிரிப்டா, நீங்களா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவன் காது சிவந்தது. அவ்வளவுதான்... இரண்டு வாரம் பேச்சே இல்லை. அவனாக வரட்டும் என்று இவள். இவ்வளவு திமிரா என்று அவன். வீம்புக்கு ஹெப்பகோடி கிளைக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தாள். திங்கள் முதல் அங்கே என்று கிடைத்தும் விட்டது. போகாதே என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும்... சொன்னானா? ம்ஹூம்.

வெள்ளிக்கிழமை காலை, சரிபார்க்கச் சொல்லி அவள் பெயருக்குப் பதினோரு ஃபைல்கள் வந்து குவிந்தன. ஒன்றுகூட அவள் பகுதியில்லை. ஸ்கிரிப்டைத் திறந்தாள். 'கெட்' போட்டிருந்தான். கீ இல்லாவிட்டால் எடுத்துக்கொள்ள வேண்டிய பெயர்... பெர்னதெத்.

விறுவிறுவென்று போய் நின்றாள். "ஊர்ல இருக்கிற அனாதை ஃபைல் எல்லாம் என் தலையிலயா?"

"நீங்கதானே சொன்னீங்க... ஒரு பேர் எழுதி வைக்கச் சொல்லி."

"அதுக்கு என் பேரா? திங்கக்கிழமை நான் இங்க இல்லைன்னு தெரியுமில்ல?"

"தெரியும்." அவன் கீபோர்டையே பார்த்தான். "வேற பேரு எழுதக் கை வரலைங்க."

"வாய்க்கு என்ன ஆச்சு?"

மெல்ல நிமிர்ந்தான். "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. முதல் நாள்லேர்ந்தே... போகாதீங்க."

அடப்பாவி, இதைச் சொல்ல இரண்டு வாரமா! அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"மேனேஜர்கிட்ட லெட்டரைத் திரும்ப வாங்கிட்டு வரேன். அதுக்குள்ள பதினொண்ணுல பாதியாவது நீங்க முடிச்சிருக்கணும்."

இரண்டடி போனவள் நின்று திரும்பினாள். "எனக்கும்தான்... பிடிச்சிருக்கு."