மேடைக்கு அடியில் பாடியவள்

மழையில் பாதி நனைந்து பிளஸ்ஸி அரங்கத்துக்கு வந்து சேர்ந்தபோது மதியம்தான். ஆனாலும் உள்ளே இருட்டிக் கிடந்தது. மேற்குத் தாம்பரத்தில் ரயில் பாதையை ஒட்டிய பழைய கட்டடம். வௌவால் எச்சமும் ஈர மரமும் கலந்த வாடை. அன்று இசை நாடக ஒத்திகை. அவள் கதாநாயகி, ஜாய்சன் கதாநாயகன்.

சில வருடங்களுக்கு முன் இதே நாடகம் இதே மேடையில் நின்றுபோயிருந்தது. அப்போதைய நாயகி ஓவியா, அரங்கேற்றத்துக்குச் சற்று முன் காணாமல் போனாள். "யாரோடயோ துபாய் போய்ட்டா, என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனா" என்றார் இயக்குநர் சுகுமார். அவளைக் கல்யாணம் செய்யவிருந்த ஜாய்சன் அழுது தீர்த்துவிட்டு அதை நம்பினான். இப்போது பிளஸ்ஸியைக் கண்டால் அவன் முகம் மலர்கிறது. அவளுக்கும் அது பிடித்திருந்தது.

"வேற ஹாலே கிடைக்கலையாப்பா?" சுகுமார் வந்ததிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

காதல் பாட்டு தொடங்கியது. ஜாய்சன் தன் வரியைப் பாடி முடித்தான். பிளஸ்ஸி மூச்சை இழுத்தாள்.

கரண்ட் போனது.

அவள் வாய் திறக்கவில்லை. ஆனால் அவளுடைய வரியை யாரோ பாடினார்கள்.

பெண் குரல். கீழேயிருந்து வந்தது. மேடைப் பலகையின் அதிர்வு அவள் உள்ளங்காலில் ஏறியது.

"நான் பாடல, ஜாய்சன்..."

அவனுக்கு அந்தக் குரல் தெரியும். "ஓவியா."

பாட்டு நின்றது. பிறகு, பலகைக்கு அடியில், மிக அருகில்:

"ஜாய்... மூச்சு முட்டுது."

ஜாய்சன் தடாலென்று மண்டியிட்டான். நடிகர்கள் மேடைக்கு அடியில் இறங்குவதற்கான சின்னக் கதவு அங்கே பலகையிலேயே இருந்தது. அதைச் சுற்றிலும் ஆணி அறைந்திருந்தது.

"தொடாத! கட்டை உளுத்துப் போயிருக்கு!" சுகுமார் அலறினார்.

"நீங்க ஏன் சார் இப்படி பயப்படுறீங்க?" என்றாள் பிளஸ்ஸி.

ஜாய்சன் ஒரு இரும்புக் கம்பியால் கதவை நெம்பித் திறந்தான். பிளஸ்ஸி செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தாள்.

மூலையில், மேடை உடுப்பான பட்டுச் சேலைக்குள், எலும்புகள் சுருண்டு கிடந்தன.

கதவின் உட்புறம் முழுக்க நகக் கீறல்கள்.

அவள் வீறிட்டுத் திரும்பியபோது சுகுமாரின் நாற்காலி காலியாக இருந்தது. அன்று மாலையே பக்கத்து ஊரான படப்பையில் போலீஸ் அவரைப் பிடித்தது. தன் ஆசைக்கு இணங்க ஓவியா மறுத்ததாகவும், தான் தள்ளிவிட்டதில் அவள் மண்டையில் அடிபட்டு விழுந்ததாகவும் அவர் சொன்னார். "செத்துட்டானு நெனச்சுதான் ஆணி அடிச்சேன்" என்றார்.

ஓவியாவை முறைப்படி தகனம் செய்தார்கள். பயமும் துக்கமும் ஓய நாளாயிற்று. அடுத்த வருடம் பிளஸ்ஸிக்கும் ஜாய்சனுக்கும் சர்ச்சில் கல்யாணம் நடந்தது. வாசற்படியில், பளிச்சென்ற வெயிலில், இருவரும் படத்துக்கு நின்றார்கள்.

"அண்ணா, இடது கையைத் தொங்கவிடுங்க. எதையோ பிடிச்ச மாதிரி இருக்கு" என்றார் போட்டோகிராபர்.

ஜாய்சன் அசையவில்லை. அவன் வலது கை பிளஸ்ஸியின் கைக்குள் வியர்த்துக் கொட்டியது.

"பிளஸ்ஸி," குரல் எழும்பாமல் சொன்னான், "விட மாட்டேங்குறா."

அவள் குனிந்து பார்த்தாள். அவனுடைய வெறும் இடது உள்ளங்கையில், ஒவ்வொன்றாக, நகத் தடங்கள் பதிந்துகொண்டிருந்தன.