மூன்று மணி நேரமும் நாற்பது நாளும்

செவ்வாய்க் குடியேற்றத்தில் தூக்குமேடை கிடையாது. மரண தண்டனை என்றால், கைதியின் அறைக்குப் போகும் காற்றை நிறுத்திவிடுவார்கள். யாருக்கு என்றைக்கு என்ற பட்டியல் வாரந்தோறும் உணவுக்கூடத்தில், சாப்பாட்டுப் பட்டியலுக்குக் கீழே ஒட்டப்படும். சனங்கள் இரண்டையும் படித்துவிட்டுத் தட்டை எடுப்பார்கள்.

இந்த முறை வியாழக்கிழமைக்கு நேராக மாசாணமுத்துவின் பெயர். வக்கீல் அமலோற்பவம் தட்டை எடுக்கவில்லை. அவன் அவளுடைய கட்சிக்காரன். நீரேற்று நிலையத்தை வெடிக்கவைத்து இருவரைக் கொன்றதாகத் தீர்ப்பு. அந்த நேரத்தில் அவன் நாலு கிலோமீட்டர் தள்ளி வேறொரு குமிழ்க்கூடத்தில் இருந்ததற்குக் கதவுப்பதிவு இருக்கிறது. அதைச் சேர்த்துத்தான் மேல்முறையீடு அனுப்பினாள். புழுதிப்புயலில் தொடர்பு அறுந்து, கெடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தது. புயலைக் காரணம் காட்டித் தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டிருந்தாள்.

மேல்முறையீட்டைப் பார்ப்பது மனிதர் அல்ல, நீதிப்பொறி. பூமியின் நூறாண்டுத் தீர்ப்புகளைப் படிக்கவைத்து, பாரபட்சமே பார்க்காது என்று சொல்லி உட்காரவைத்த இயந்திரம். 'தாமதத்தின் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விளக்கம் இல்லை. மனு திருப்பப்படுகிறது' என்றது. கதவுப்பதிவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பொறியின் பழைய உத்தரவுகளை அவள் ஒரு முழுநாள் புரட்டினாள். பிறகு நேரே சிறைக் கண்காணிப்பாளர் குருபாதத்திடம் போனாள்.

"கைதி சிறை வழியாவும் மனு அனுப்பலாமே சார். நீங்க அனுப்புங்க."

"கெடு முடிஞ்சு நாப்பது நாள் ஆச்சு வக்கீலம்மா! உங்க மூணு மணி நேரத்தையே அது ஒத்துக்கலை."

"காரணம்ங்கிற கட்டத்துல 'நிர்வாகக் காரணங்கள்'னு மட்டும் எழுதுங்க."

"நான் சோம்பேறின்னு நானே எழுதிக் குடுக்கணுமாக்கும்? இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்ல ஒரு தாள் என் மேசையில ராத்தங்கினதில்லை. பொய் வேற!"

"பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை சார். அரசாங்க வார்த்தை."

"விளக்கம் கேட்டா?"

"இருநூத்துப் பன்னிரண்டு நாள் கழிச்சு வந்த அரசாங்க மனுவையே கேக்கலை. உங்களையா கேக்கப் போவுது?"

வியாழக்கிழமை காற்றுத் திருகை மூட வேண்டிய கை அவருடையது.  குருபாதம் அந்தக் கையாலேயே பேனாவை எடுத்து எழுதி, கதவுப்பதிவையும் சேர்த்து, முத்திரை வைத்து அனுப்பினார்.

இரண்டே நொடியில் பதில் வந்தது. 'நாற்பது நாள் தாமதம். காரணம் திருப்திகரம். மன்னிக்கப்பட்டது. காற்றுநிறுத்தம் ஒத்திவைப்பு. கதவுப்பதிவு விசாரணைக்கு ஏற்கப்படுகிறது.'

"ஏம்மா, காரணம் சொன்ன மூணு மணி நேரம் தப்பு, ஒண்ணுமே சொல்லாத நாப்பது நாள் சரியா?"

"பூமியில நம்ம ஜட்ஜுங்க நூறு வருஷமா அப்படித்தானே சார் எழுதினாங்க. அது படிச்சதை ஒப்பிக்குது."

குருபாதம் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார்.

"உட்காருங்க வக்கீலம்மா. கெடு தவறினவங்க இன்னும் ஏழு பேர் உள்ள இருக்காங்க. நான் யார் யாருக்கு எத்தனை நாள் சோம்பேறியா இருந்தேன்னு ஒவ்வொண்ணா சொல்லுங்க, எழுதிடறேன்."