மௌரீன் நிலைப்பாளா?

மழை பிடித்துக்கொண்டதால் தேசிகன் ஓடிவந்து கொட்டகைக்குள் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தான். பெஞ்ச் என்றுதான் நினைத்தான்.

"ஏங்க... நீங்க உக்காந்திருக்கிறது என் பேக் மேல."

நிமிர்ந்தான். நனைந்த தொப்பி, அதற்குக் கீழே இரண்டு பெரிய கண்கள். அவற்றில் பெரும்பகுதி கோபம், மீதியில் மழை. எழுந்துகொள்ள வேண்டும் என்பது அவனுக்குச் சற்றுத் தாமதமாகவே நினைவுக்கு வந்தது.

"உள்ள டென்னிஸ் ராக்கெட் இருக்கு."

"உடையலைன்னு நினைக்கிறேன்."

"உங்க எடைக்கு உடையாது. ஆனாலும் எழுந்திருங்க."

எழுந்தான். வெளியே களிமண் கோர்ட்டின் மேல் தார்ப்பாய் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மழை நிற்கிற மாதிரி இல்லை.

"நீங்க பிளேயரா?" என்று கேட்டான், பேக்கிலிருந்து ராக்கெட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த அவளிடம்.

"இல்ல, கொசு அடிக்க வந்தேன். நீங்க?"

"வைட்ஃபீல்ட்ல ஒரு டேட்டா கம்பெனி. எந்த டென்னிஸ் பொண்ணு ரொம்ப வருஷம் நிலைச்சு ஆடுவா, எவ பாதியில விட்டுடுவான்னு எங்க கம்ப்யூட்டர் மாடல் சொல்லும்."

"ஜோசியம்."

"புள்ளிவிவரம்."

"கிளி எங்க?"

"லேப்டாப்ல."

அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. அந்த அசைவில் தேசிகனுக்கு அளவுக்கு மீறித் தைரியம் வந்துவிட்டது.

"இன்னைக்கு மௌரீன்னு ஒரு பொண்ணு ஆடுறா பாருங்க. தொம்மலூர்க்காரி. சர்வ் அருமை. ஆனா நிலைக்க மாட்டா. ரெண்டு வருஷம் தாங்கினா அதிகம்."

அவள் தண்ணீர் குடித்தாள். மூடியை மெதுவாகத் திருகினாள்.

"நான்தான் மௌரீன்."

தேசிகன் அவளை எண்களாக மட்டுமே அறிந்தவன். எண்களுக்குக் கண்கள் கிடையாது...

"உங்க ரிப்போர்ட்டைப் பாத்துதான் ஸ்பான்சர் ஒருத்தியை ஸ்பெயினுக்கு ட்ரெய்னிங் அனுப்பப் போறாங்க. தெரியும்ல?"

"தெரியும்."

"நான் போகலைன்னா ஜூன்லருந்து ஒரு ஸ்கூல்ல பி.டி. டீச்சர். எங்கம்மா பேசி முடிச்சாச்சு. ஏன் நிலைக்க மாட்டேன்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

"பதினேழு வயசுல ஒரு வருஷம் நீங்க எங்கயுமே ஆடல. அப்படி இடைவெளி விழுந்தவங்க திரும்பி வந்து ரொம்ப நாள் நின்னதில்ல. பெரும்பாலும் முட்டி. இல்லைன்னா தோள்பட்டை."

"எனக்குக் கெமிஸ்ட்ரி."

"புரியல."

"செகண்ட் பியூசி, சார், பன்னண்டாம் கிளாஸ். எங்கம்மா ராக்கெட்டைத் தூக்கி பீரோ மேல வெச்சாங்க. எக்ஸாம் முடிஞ்சுதான் கீழ வந்துச்சு. என்கூட ஆடின எல்லாப் பொண்ணுங்களும் அந்த வருஷம் காணாமதான் போனாங்க."

மாடலுக்குத் தீனி முழுக்க ஐரோப்பியப் புள்ளிவிவரம். அங்கே பன்னிரண்டாம் வகுப்பு வயதில் ஒரு பெண் ஆட்டத்திலிருந்து காணாமல் போனால் ஆஸ்பத்திரியில் இருப்பாள். இங்கே ட்யூஷனில் இருப்பாள். மாடலைக் கட்டியவர்கள் எல்லோரும் அந்த வயதை இதே ஊர் ட்யூஷன்களில் கழித்தவர்கள்தான். தேசிகனின் கேரம் போர்டையே அவன் அப்பா பரணில் ஏற்றியிருந்தார். ஆனாலும் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

"நாளைக்கே உங்க ஸ்கோரை மாத்திடறேன்," என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்களுக்காக."

அவள் கண்களிலிருந்து மழை போய்விட்டது. கோபம் மட்டும் மிச்சம்.

"எனக்காக எதுக்கு? தப்புன்னா எல்லாருக்கும் மாத்துங்க. எனக்கு மட்டும்னா தொடவே தொடாதீங்க. என் கண்ணைப் பாத்து ஒருத்தர் போட்ட மார்க்ல நான் பிளேன் ஏற மாட்டேன்."

"நான் கண்ணை எல்லாம்..."

"பாத்தீங்க."

மழை விட்டதும் போய் ஆடி ஜெயித்தாள். ஒருமுறைகூட இந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்புகிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்ததில் தேசிகன் ஆட்டத்தின் ஸ்கோரைக் குறிக்க மறந்தான்.

மறுநாள் மீட்டிங்கில், மாடல் தப்பு என்று தேசிகன் எழுந்து சொன்னதும் மேனேஜர் மஞ்சுநாத் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன்ப்பா தேசிகன், போன வாரம்தான கிளையன்ட்கிட்ட மாடல் பக்கான்னு நீயே சொன்ன? அதை நம்பி நானும் தலையாட்டினேன்."

"தப்பா சொல்லிட்டேன் சார். நம்ம ஊர்ப் பொண்ணுங்க எல்லாரையும் நோயாளி ஆக்கி வெச்சிருக்கோம்."

அந்த அலுவலகத்தில் தேசிகன் தன் தப்பை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. காது சுட்டது. ஆனாலும் உட்காரவில்லை, இன்னும் கொஞ்சம் பேசினான்.

அதற்கப்புறம் மௌரீனைப் பார்க்க அவன் போகவில்லை. போனால் மார்க்குக்கு நன்றி கேட்க வந்த மாதிரி இருக்கும்... வைட்ஃபீல்டிலிருந்து கம்பெனி ஷட்டில் வண்டியில் வீடு திரும்பும்போதெல்லாம் தொம்மலூர் வரும். ஜன்னல் பக்கம் பார்ப்பான். அவ்வளவுதான்.

ஒரு மாலை ரிசப்ஷனில் கூப்பிட்டார்கள். தோளில் அதே பேக்கோடு நின்றிருந்தாள்.

"ஸ்பெயினுக்கு நான் போறேன்," என்றாள்.

"சந்தோஷம்."

"எனக்காக மாத்தினீங்களா?"

"எல்லாருக்கும் மாத்தினோம். உங்க கணக்கை நான் தொடல. வீணான்னு எங்க டீம்ல ஒருத்தங்க போட்டாங்க."

"நிலைப்பேன்னு வந்துச்சா?"

"'சொல்ல முடியாது'ன்னு வந்துச்சு. அப்ப நேர்லயே பாத்துடலாம்னு ஸ்பான்சர் உங்க செமிஃபைனலுக்கு வந்திருக்காங்க. ஆட்டத்தைப் பாத்து ஆட்டக்காரியைத் தேர்ந்தெடுக்கலாம்னு எங்க கம்பெனியில யாருக்கும் தோணல."

அவள் சிரிக்காமலிருக்க முயன்றாள். "நீங்க ஏன் தொடல?"

"ஆபீஸ் ரூல். யார் மேலயாவது சொந்த அக்கறை இருந்தா, மேனேஜர்கிட்ட சொல்லிட்டு விலகிக்கணும்."

"என்னன்னு சொன்னீங்க?"

"மௌரீனை எனக்குப் பிடிச்சிருக்கு சார்னு."

"தனியா சொன்னீங்களா?"

"மீட்டிங்ல. எழுந்து நின்னு."

"அதுக்கு அவர்?"

"சரி, உக்காருன்னார்."

மௌரீன் தரையைப் பார்த்தாள். ரிசப்ஷனில் இருந்த பெண் கம்ப்யூட்டரை மிகத் தீவிரமாகப் பார்த்தாள்.

"ஆக, வைட்ஃபீல்ட் பூரா தெரியும். எனக்குத்தான் தெரியாது."

"வரிசைப்படி அடுத்தது நீங்கதான்." தேசிகனுக்கு மீட்டிங்கில் இவ்வளவு கஷ்டமாக இல்லை. "மௌரீன்... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

அவள் பேக்கின் பட்டையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். நிமிர்ந்தபோது அந்தக் கண்களில் கோபத்தைத் தேடினான்... அகப்படவில்லை.

"எங்க வீட்டுல மட்டும் எழுந்து நின்னு சொல்லிடாதீங்க," என்றாள் மெதுவாக. "எங்கம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."